நாலாம் நம்பர் கண் முழிச்சிட்டார்

“ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ணியது டிக்‌ஷனரி. தூக்கியது கிரேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாத ஒரு ஆளைப் புரட்டிப் படுக்க வைக்க நாலு பேர் வேண்டும் என்பது விதி. கிரேன் ஷிப்டில் இருந்தால் இரண்டு பேர் போதும் என்பது வழக்கம். பள்ளிக்கூட லீவெல்லாம் அம்மாவோடு கட்டட வேலைக்குப் போய் மணல் சட்டி சுமந்த தோள் அது. நர்சிங் முடித்து, பதிவும் செய்து, இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் வாரமே அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. வைத்தவள் கூடப் படித்தவள்தான். எதைக் கேட்டாலும் புத்தகத்தில் உள்ளபடியே ஒப்பிப்பதால் அவளுக்கு டிக்‌ஷனரி என்று இவள் திருப்பி வைத்தாள். கணக்கு நேராகிவிட்டது.

“இன்னிக்கு என்ன சொல்லப் போற மேட்ரன்கிட்ட?” என்றாள் டிக்‌ஷனரி, போர்வையை இழுத்துச் செருகிக்கொண்டே.

“ஐசியுதான். வேற என்ன?”

“மூஞ்சியப் பாத்தா தூக்குத் தண்டனை வாங்கினவ மாதிரி இருக்கு. வேணாம்னா சொல்லிடு தாயே, நான் வாங்கிக்கறேன்.”

புதிதாகச் சேர்ந்தவர்களை ஒவ்வொரு பிரிவாகச் சுற்றவிட்டு, கடைசியில் எங்கே நிலையாக இருக்கப் போகிறாய் என்று மேட்ரன் கேட்பது அந்த ஆஸ்பத்திரி வழக்கம். ஐசியுவில் ஒரே ஒரு இடம். பெரும்பாலும் உனக்குத்தான் என்று போன வாரமே மேட்ரன் சொல்லியிருந்தார். இன்றைக்கு வாயைத் திறந்து ஆமாம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைத்தான் பத்து நாளாக நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டு வந்தாள். வெளிநாட்டில் ஆம்புலன்ஸ் ஓட்டும் அக்கா புருஷன், “ரெண்டு வருஷம் ஐசியு போட்டுட்டு இங்க வா, மிச்சத்த நான் பாத்துக்கறேன்” என்று போன் பண்ணும்போதெல்லாம் சொன்னார். மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு விழுந்த அப்பா, “உனக்கு எது தோதோ” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். அது எதற்கும் உதவாத பதில். அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை, மகள் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். “படிச்சா நாற்காலி குடுப்பாங்கன்னு பாத்தேன். நீயும் என்னை மாதிரி நின்னேதான் சாவுறே. என்ன, உன் சட்டை வெள்ளையா இருக்கு” என்றாள் ஒரு நாள், மகளின் வீங்கிய காலைத் தன் மடியில் எடுத்துப் போட்டு அமுக்கிக்கொண்டே.

இவளுக்கு என்ன வேண்டும் என்பதுதான் இவளுக்கே பிடிபடவில்லை. பொது வார்டில் இருந்தபோது மாத்திரைத் தட்டைத் தள்ளிக்கொண்டு போனால் பாதி வழியிலேயே மாட்டிக்கொள்வாள். என் மருமகள் வந்தாளா, இந்தச் சிவப்பு மாத்திரை எதுக்கு, ஃபேன் ஏன் என் பக்கம் திரும்பலை என்று ஆளாளுக்கு ஒரு வழக்கு. எல்லாவற்றுக்கும் நின்று பதில் சொல்லி, மாத்திரை நேரம் தவறி, வார்டு சிஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். ஐசியுவில் அந்தத் தொல்லை இல்லை. யாரும் பேசுவதில்லை. பேசுவதெல்லாம் மிஷின்தான், அதுவும் ஒரு தரம் சொன்னால் புரிகிற மாதிரிப் பேசும். அலாரம் அடித்தால் என்ன என்று இவளுக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. கை தன் பாட்டுக்குப் போய் வேலையை முடித்துவிடும். அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததே பயமாகவும் இருந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை நீட்டினால், நல்ல நரம்பு, பதினெட்டாம் நம்பர் தடி ஊசியே வழுக்கிக்கொண்டு போகும் என்று தோன்றும். டிக்கெட்டை வாங்க மறந்துவிடுவாள்.

ரத்த மாதிரியை லேபுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் அது நடந்தது. ஐசியு கதவருகே இஸ்திரிக்காரம்மா நின்றிருந்தாள். அவளும் புருஷனும் தெருத் தெருவாக வண்டி தள்ளித் துணி தேய்க்கிறவர்கள். முன்கையெல்லாம் பெட்டி பட்ட பழைய தழும்புகள். புருஷனுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு மிஷின் வைத்து நாலாம் படுக்கையில் போட்டிருந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் அவள் எழுந்து வருவாள்.

“எப்படிம்மா இருக்காரு?”

“நாலாம் நம்பர்தானே? கண் முழிச்சிட்டார்மா. சொன்னா புரியுது, கையை அழுத்தச் சொன்னா அழுத்துறார்.”

நல்ல சேதி சொல்லக் கிடைப்பதே அங்கே அபூர்வம். அந்த ருசியில் வாய் முந்திக்கொண்டது. இஸ்திரிக்காரம்மா இவளுடைய கையைப் பிடித்துத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் பெஞ்சைப் பார்த்து ஓடினாள்.

உள்ளே வந்து நாலாம் படுக்கையைப் பார்த்தாள். தலையில் கட்டுப் போட்ட ஒரு இளவட்டம் கண்ணை உருட்டி இவளையே பார்த்தான். நேற்று இவளுக்கு லீவு. நேற்றுத்தான் இஸ்திரிக்காரருக்குச் சிறுநீரகம் நின்றுபோய், ரத்தம் சுத்தம் செய்யும் மிஷின் தேவைப்பட்டிருக்கிறது. அந்த மிஷினுக்குத் தண்ணீர்க் குழாய் ஏழாம் படுக்கையில்தான் உண்டு. அங்கே மாற்றியிருக்கிறார்கள். காலியான நாலில் ரோட்டில் அடிபட்ட பையன். காலையில் பொறுப்பு மாற்றும்போது இதையெல்லாம் தெளிவாகச் சொன்னார்கள். இவளும் தலையாட்டினாள். நாலு கண் முழித்தது, கையை அழுத்தியது எல்லாம் டாக்டர் சொல்லிக் காதில் விழுந்ததுதான். ஆனால் அந்தம்மா முகத்தைப் பார்த்தால் நாலு என்றுதான் மனசில் பதிந்திருந்தது. ஏழாம் படுக்கையில் மிஷின் சுற்றிக்கொண்டிருந்தது. குழாயில் ரத்தம் போய் வந்தது. அவர் கண் திறக்கவில்லை.

“லூசாடி நீ?” என்றாள் டிக்‌ஷனரி, கேட்டதும். “பேஷண்ட் நிலவரத்த டாக்டர்தான் சொல்லணும், நாம வாயே திறக்கக் கூடாது. முதல் கிளாஸ்லயே நடத்தினாங்க.”

“தெரியும்.”

“தெரிஞ்சா சும்மா இரு. மதியம் டாக்டர் கூப்பிட்டுச் சொல்லுவார். அந்தம்மா ஏதோ தப்பா கேட்டுட்டோம்னு நெனச்சுக்கும். இதை வெளிய போய் நீயே சொன்னே, மேட்ரன் காதுக்குப் போகும், உன் சீட்டு காலி.”

“சீட்டு உனக்குத்தானே வரும்.”

“அதனாலதான் சொல்றேன். இப்படி வந்தா எனக்கு வேணாம்.”

அந்த நேரம் பார்த்து மேட்ரன் உள்ளே வந்தார். “என்னம்மா கிரேன், முடிவு பண்ணிட்டியா? இன்னிக்கு நான் பேர் குடுத்தாகணும்.”

“ஒரு நிமிஷம் மேடம். வெளிய போயிட்டு வந்துடறேன்.”

“வெளிய என்ன?”

இவள் போய்க் கையைக் கழுவினாள். ஒருமுறை கழுவியதை மறுபடி கழுவினாள். நியாயத்துக்காகத்தான் போகிறோமா, அல்லது அந்தச் சீட்டு போய்த் தொலையட்டும், நாம் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்று போகிறோமா? போய்விட்டால் அக்கா புருஷன் முகத்தில் எப்படி முழிப்பது? போகாவிட்டால் அந்தம்மா முகத்தில்? ஒன்றை யோசித்தால் இன்னொன்று வந்து காலை வாரியது. தண்ணீரை நிறுத்திவிட்டு ஈரக் கையோடு நடந்தாள்.

இஸ்திரிக்காரம்மா போனில் இருந்தாள். “ஆமாடா, கையை அழுத்துறாராம். சிஸ்டரே சொல்லிச்சு. நீ வண்டியை உள்ள இழுத்துப் போடு, மழை வந்தா கரி நனைஞ்சுடும். அவரு வந்து என்னைத்தான் திட்டுவாரு” என்று சொல்லும்போதே சிரிப்பு வந்தது அவளுக்கு. இவளைப் பார்த்ததும் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பெஞ்சில் இடம் விட்டாள். இவள் உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் உட்கார்வது இதுதான் முதல் தடவை.

“அம்மா, நான் தப்பா சொல்லிட்டேன். உங்க வீட்டுக்காரரை நேத்து ஏழாம் படுக்கைக்கு மாத்திட்டாங்க. முழிச்சது அவர் இல்ல.”

இஸ்திரிக்காரம்மா கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று இவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும்.

“எல்லாருக்கும் சொல்லிட்டனே.”

“என் தப்புதாம்மா.”

“இவரு எப்படித்தான் இருக்காரு?”

டாக்டர் சொல்லுவார் என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. “மோசமாத்தான்மா இருக்கார்” என்றாள்.

அந்தம்மா தலையை மட்டும் ஆட்டினாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு, இவள் எழுந்திருக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தவித்த நேரத்தில், “அப்போ நாலுல முழிச்சது யாரு?” என்று கேட்டாள்.

“ரோட்டுல அடிபட்ட ஒரு பையன்.”

“அவங்க வீட்டுல சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“அதோ, தூணுக்குப் பக்கத்துல ஹெல்மெட்ட வெச்சுக்கிட்டு நிக்கிறான் பாரு. அண்ணங்காரன். ராத்திரியெல்லாம் அதை இறக்கி வைக்கவே இல்ல. நான் குடுத்த தண்ணியக்கூட வேணாம்னுட்டான்.” குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே அதட்டினாள். “போய்ச் சொல்லு, போ. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியே.”

எழுந்தாள். பின்னால் ஐசியு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. “கிரேன்!” என்று மேட்ரனின் குரல். திரும்பவில்லை. இஸ்திரிக்காரம்மா அடக்கி வைத்திருந்த அழுகை இப்போது வெளியே வந்துவிட்டது. பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் அவளைப் பார்த்தார்கள். பிறகு, அவளிடமிருந்து எழுந்து வரும் நர்சைப் பார்த்தார்கள். அந்த அண்ணனும் பார்த்தான். வெள்ளைச் சட்டை தன்னை நோக்கித்தான் வருகிறது என்று தெரிந்ததும் ஒரு அடி பின்னால் போனான். இன்னொரு அடி. முதுகு தூணில் இடித்தது. ஹெல்மெட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு, வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினான். ஒரு சிரிப்புப் போதும், அவனுக்கு உயிர் வந்துவிடும். ஆனால் முதுகுக்குப் பின்னால் அந்த அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது. முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாமல் அவள் நடந்துகொண்டிருந்தாள்.