எட்டு டன், ஒரு சாண் உயரத்தில்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இது நான் யோசித்துக் கண்டுபிடித்த கதை அல்ல. டேமா நகரத்தில், நான் வேலை பார்க்கும் கூரைத்தகடு ஆலையில், பாதுகாப்பு நாளன்று என் கண்ணெதிரே நடந்தது. நான் செய்ததெல்லாம் அதைத் தப்பாகத் தொடங்கியதுதான்.

முதல் தொடக்கம்: 'கடலின் உப்புக்காற்று ஆலைக் கூரையைத் தழுவியபோது...' (தழுவவில்லை. அன்று காற்றே இல்லை.)

இரண்டாவது: 'எஃகுச் சுருள் என்பது மனிதகுலத்தின்...' வேண்டாம்.

எஃகுச் சுருள் என்பது ஆள் உயரத்துக்குச் சுற்றிய தகடு. எட்டு டன். தரையில் இறக்கினால் இருபக்கமும் ஆப்புக்கட்டை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உருளும். கதைக்கு இவ்வளவு அறிவியல் போதும்.

2

அக்பெனே பதினான்கு வருடமாக இங்கே கிரேன் ஓட்டுகிறாள். கூரையடியில் கண்ணாடிக் கூண்டு. அதிலிருந்து பார்த்தால் எல்லார் வழுக்கையும் தெரியும், மேலாளர் போவாடுவின் வழுக்கை உட்பட. அன்று தலைநகரிலிருந்து சிறப்பு விருந்தினர் வந்திருந்தார். பாதுகாப்பாகச் சுருள் இறக்குவது எப்படி என்று அவருக்குச் செய்து காட்ட வேண்டும். அதற்காகவே ஒரு மேடை போட்டிருந்தார்கள்.

அக்பெனே லாரியிலிருந்து சுருளைத் தூக்கினாள். உடனே லாரியை வெளியே ஓட்டிவிட்டார்கள், பேனரை மறைக்கிறதாம். சுருள் தரைக்கு ஒரு சாண் மேலே வந்தபோது, கீழே நின்று அவளுக்குச் சைகை காட்டும் உதவியாள் லார்ட்டேயின் குரல் வாக்கி-டாக்கியில் வந்தது.

"அக்கா, நிறுத்து. ஆப்புக்கட்டையக் காணோம்."

"எங்கடா போச்சு?"

"மேடைக்கு அடியில. கால் ஆடுதுன்னு முட்டுக் குடுத்திருக்காங்க."

"எந்த மேடை?"

"உனக்கு இன்னிக்கு விருது குடுக்கப்போற மேடைதான்."

(கட்டைகளை யாரோ எடுத்துக் கொடுத்திருந்தார்கள். முதல் வரைவில் இப்படித்தான் எழுதியிருந்தேன். 'யாரோ'.)

3

போவாடு வாக்கி-டாக்கியைப் பிடுங்கினார். இவ்வளவு விவரமில்லாத மேலாளர் இருப்பாரா என்று நீங்கள் சந்தேகப்படுவீர்களே என, ஒரு வரைவில் அவருக்குக் கொஞ்சம் அறிவு சேர்த்தேன். கதை நகர மறுத்தது. எடுத்துவிட்டேன். இனி அவர் பேசியபடியே:

"அக்பெனே, மெதுவா கீழ வைம்மா. விருந்தாளி பாக்குறாரு."

"தரை அவரு பக்கந்தான் சரிவு, சார். வெச்சா நேரா அவருகிட்டதான் போவும்."

"ரெண்டு செங்கல் வெச்சா நிக்காதா?"

"மாவாயிடும் சார்."

"அப்ப லார்ட்டே கொஞ்சம் கையால புடிச்சுக்கட்டும்."

"அவனுக்கு ரெண்டு புள்ளைங்க. நீங்க வந்து புடிக்கிறீங்களா?"

லார்ட்டே, சொன்ன சொல் தட்டாதவன், நிஜமாகவே சுருளை நோக்கி இரண்டு அடி வைத்தான். அக்பெனே ஒலிப்பானை விடாமல் அழுத்தினாள். விருந்தினர் வாசித்துக்கொண்டிருந்த உரையை நிறுத்தி மேலே பார்த்தார்.

"லார்ட்டே, மஞ்சக் கோட்டுக்கு அந்தாண்ட போ! கட்ட வர்ற வரைக்கும் யாரும் கிட்ட வரக்கூடாது. நானும் இறங்க மாட்டேன், இதுவும் இறங்காது."

இருபத்திரண்டு நிமிடம். ஒரு கை நெம்புகோலில். மறு கையால் கழுத்து வியர்வையைக்கூட அவள் துடைக்கவில்லை. கீழே விருந்தினர், தொழிலாளியின் உயிரைவிட எதுவும் பெரிதல்ல என்ற பகுதியை மறுபடி முதலிலிருந்து வாசித்தார். கடைசியில் மேடையைக் காலி செய்து கட்டைகளை உருவினார்கள். மேடை ஒருபக்கம் சாய்ந்தது. 'பாதுகாப்பே முதல்' பேனர் கழன்று, விருந்துக்கு வைத்திருந்த கென்கே என்ற சோளமாவு உருண்டைகள் மீதும் பொரித்த மீன் மீதும் விழுந்தது.

லார்ட்டே கட்டைகளை வைத்து ஒதுங்கியபின், அக்பெனே சுருளை இறக்கினாள். அது மேடைப் பக்கமாக விரற்கடை அளவு நகர்ந்து, கட்டையில் முட்டி நின்றது. கட்டை கிரீச்சென்றது. அந்தச் சத்தத்தில் பின்வாங்காதவர் ஒருவரும் இல்லை.

4

(இங்கே ஒரு பரபரப்பான முடிவை யோசித்தேன்: சுருள் உருள்கிறது, விருந்தினர் ஓடுகிறார். உருளாததால்தான் அக்பெனே மாட்டிக்கொண்டாள். ஒருவர் காலாவது நசுங்கியிருந்தால் அவள் சொன்னதை நம்பியிருப்பார்கள்.)

மறுநாள் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. சுமையை இருபத்திரண்டு நிமிடம் அந்தரத்தில் தொங்கவிட்டது பாதுகாப்பு விதிமீறல். விதி அப்படித்தான் சொல்கிறது, விதியில் பிழையில்லை. கட்டைகள் சுருளுக்குப் பக்கத்திலேயே இருந்தன, அவள்தான் கவனிக்கவில்லை என்று போவாடு எழுதிக் கொடுத்திருக்கிறார். மேடைக்கு அடியிலிருந்து உருவியவை வெறும் மரத்துண்டுகளாம். லார்ட்டேவுக்குப் பார்வை சரியில்லையாம். விசாரணை முடியும்வரை அக்பெனே முற்றம் கூட்டுகிறாள்.

அந்த 'யாரோ'வைப் பற்றி. ஆலையின் ஸ்டோர்க்காரன் அவன். எட்டுக் கட்டைகள், மேடை உபயோகத்துக்கு, என்று போவாடு கையெழுத்திட்ட சீட்டை வாங்கிக்கொண்டு, எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தவன். மூன்று வரைவுகளில் அவனுக்கு வேறு வேறு பெயர் வைத்துப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை.

நான்தான்.

நேற்று முற்றத்தில் அவளிடம் போய், "அக்கா, உன்னப் பத்தி ஒரு கத எழுதுறேன்" என்றேன்.

துடைப்பத்தை நிறுத்தாமல் கேட்டாள்: "கதையில அந்தச் சீட்டு இருக்கா?"

"இருக்கு."

"விசாரணையில?"

அவள் என் செருப்பைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

5

முடிவுகள். ஒன்று: என்னிடம் இருக்கும் சீட்டை விசாரணை மேசையில் வைக்கிறேன்; அவள் கூண்டுக்கு ஏறுகிறாள், துடைப்பம் என் கைக்கு வருகிறது, வந்தால் அதிர்ஷ்டம். இரண்டு: வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன், கிரேனில் புது ஆள் ஏறுகிறான், கட்டை இல்லாவிட்டாலும் இறக்கு என்றால் இறக்குகிறவன். கீழே லார்ட்டே நிற்பான். மூன்றாவது முடிவில் போவாடு மனம் திருந்துகிறார். அதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

காகிதத்தில் நான் முதல் முடிவைத் தேர்ந்துவிட்டேன். எழுந்து நின்று, குரல் நடுங்காமல், நல்ல நடையில் பேசியும்விட்டேன். உங்களுக்கு அது போதுமென்றால் கதை முடிந்தது.

போதாதென்றால், விசாரணை வியாழக்கிழமை பத்து மணிக்கு. வந்து பின்வரிசையில் உட்காருங்கள். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் நான் ஒருவேளை நிஜமாகவே எழுந்து...