இராசநாயகம் தொடாத வாய்க்கால்

நிவேதனாவுக்கு முப்பத்தெட்டு வயதில்தான் படம் கீறும் ஆசை பிடித்தது. மருதனார்மடத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. ஞாயிறு மட்டும் ஓய்வு.

அவளது ஊர் வாசிகசாலைச் சுவரில், காலமாகிவிட்ட ஓவியர் இராசநாயகத்தின் நீர்வண்ண ஓவியம் ஒன்று தொங்கியது. காலை வெயிலில் செம்மண் வெங்காயத் தோட்டம், பாத்திகளுக்கு நடுவே தண்ணீர் ஓடும் வாய்க்கால், தூரத்தில் பனைகள். அதை அப்படியே பார்த்துக் கீறினால் கை பழகிவிடும் என்று நினைத்து, ஞாயிறுதோறும் அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

செம்மண் வந்தது. பனையும் ஒருவழியாக வந்தது. தண்ணீர்தான் வரவில்லை. நீலம் பூசினால் பொலித்தீன் விரித்தது போலக் கிடந்தது. வெள்ளை சேர்த்தால் சுண்ணாம்பு. கடுதாசிகள் வீணாகிக்கொண்டே போயின.

"வேறை லேசான படமாப் பாத்துக் கீறுமன்," என்றான், அவளைக் கூட்டிப்போக வந்த கணவன் லக்சன்.

"இல்லை. உந்தத் தண்ணியைப் பிடிக்காமல் விடமாட்டன்."

அடுத்த ஞாயிறு, கண்ணாடிச் சட்டத்தில் மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டப்போய், வாய்க்காலின் நிறத்தைத் தேடினாள். நீலம் இல்லை. வெள்ளை இல்லை. தூரிகை பட்ட தடமே இல்லை. கரையோடு வர்ணம் நின்றிருந்தது. நனைந்து கறுத்த மண்ணையும், நடுவில் உடைந்து விழுந்த வெங்காயத்தாள் நிழல்களையும் மட்டுமே அவர் கீறியிருந்தார். மிச்சமெல்லாம் வெறும் கடுதாசி.

இவ்வளவு நாளும் அங்கே தண்ணீர் ஓடியதைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறாளே!

புதுக் கடுதாசி எடுத்தாள். கரைகளை ஈர மண்ணின் நிறத்தில் இழுத்தாள். நிழல்களைத் துண்டு துண்டாக விட்டாள். வாய்க்காலைத் தொட்டுவிடத் தூரிகை துடித்தது; பல்லைக் கடித்துக்கொண்டு கையை இழுத்தாள்.

மத்தியானம் வந்த லக்சன் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"என்னப்பா, தண்ணி ஓடுது! என்ன நிறம் போட்டனீர்?"

"ஒண்டும் போடேல்லை. அவரும் போடேல்லை. போய்ப் பாருங்கோ."

அவன் ஹெல்மெட்டை வாங்குப் பலகையில் வைத்தான். என்ன நினைத்தானோ, செருப்பையும் கழற்றிவிட்டு ஓவியத்தின் அருகே போனான். அவளைப் போலவே கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தான்.

"எத்தினை வருசம் வாய்க்காலைப் பாத்துக்கொண்டு நிண்டிருப்பார் மனிசன்," என்றான் கடைசியில், மெதுவாக.

அவளது படத்தில் வானம் கலங்கியிருந்தது. ஒரு பனை சாய்ந்திருந்தது. அவள் அதைப் பற்றி நினைக்கவேயில்லை. எழுந்துபோய் அவனருகில் நின்றாள்.