ரசமட்டம் படுத்த இடம்

தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் ஒட்டுகிற அந்த மனிதருக்கு, உடன் வேலை பார்த்தவர்கள் மட்டம் பார்க்கிற கருவியின் பெயரையே வைத்திருந்தார்கள்: ரசமட்டம். அவர் போட்ட தரையில் கோலியை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும் என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு இருபத்தாறு வருடம் அவரும் உச்சி குளிர்ந்துபோய்த் திரிந்தார். வினையே அங்கேதான்.

ஐந்து மாதத்துக்கு முன்பு, அவர் ஒட்டிய ஒரு குளியலறைச் சுவரிலிருந்து பதினோரு டைல்ஸ் கல் மொத்தமாகக் கழன்று விழுந்தது. யாருக்கும் அடியில்லை. அந்த வீட்டுக்காரரே, "விடுங்க, மறுபடி ஒட்டிக்கலாம்" என்றுதான் சொன்னார். இவர்தான் விடவில்லை. கை கெட்டுப்போய்விட்டது, இனி தொட்டதெல்லாம் விழும் என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். கருவிப் பை கட்டிலுக்கு அடியில் போனது. அவர் கட்டிலுக்கு மேலே போனார். குளிக்க வைப்பதற்குக்கூட மனைவி மன்றாட வேண்டியிருந்தது.

டாக்டர் அதற்கு மனச்சோர்வு என்று பெயர் சொல்லி மாத்திரை எழுதினார். கூடவே உடம்பும் தினம் அசையட்டும், யோகா வகுப்பு மாதிரி எதிலாவது சேருங்கள் என்றார். மாத்திரையை விழுங்க வைத்துவிடலாம், ஆளை எழுப்பி நடக்க வைப்பது லேசா? மனைவி தபால் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கிறவர். எந்தப் பொட்டலத்தையும் உரிய இடத்தில் சேர்க்காமல் விடமாட்டார். இவரையும் கொண்டுபோய்ச் சேர்த்தார், சைக்கிள் கடைக்கு மேலே இருந்த மாடிக் கூடத்தில், காலை ஆறரை மணிக்கு. தானும் பக்கத்தில் ஒரு பாயை விரித்துக்கொண்டார்.

ரசமட்டம் தேர்ந்தெடுத்தது கடைசி வரிசை, சுவரோரம். முதல் வாரம் குனிந்தால் விரல் முழங்காலோடு நின்றுவிட்டது. யோகா டீச்சருக்கு அவர் மகளாக இருக்கும் வயது.

"மூச்சை விடுங்க சார்" என்றார் டீச்சர்.

"விட்டுட்டுத்தாம்மா இருக்கேன்."

"இல்ல சார், பிடிச்சு வெச்சிருக்கீங்க."

உண்மைதான். ஐந்து மாதமாகவே பிடித்துத்தான் வைத்திருந்தார். இரண்டாம் வாரம் அது கொஞ்சம் இளகியது. மூன்றாம் வாரம் ஒரு நாள், திரும்பும் வழியில் பசிக்கிறது என்றார். மனைவி அதைத் தபால் அலுவலகம் முழுக்கச் சொல்லித் தீர்த்தார். ஆனால் வேலைப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கக் கூடாது. "அந்தக் கை போச்சு" என்பார், செத்துப்போன சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல. இந்த மனுஷன் இனி வேலைக்கே திரும்பாமல் போய்விடுவாரோ என்று மனைவி கவலைப்பட்டார்.

ஐந்தாம் வாரம், வகுப்பின் கடைசியில் சவாசனம். எல்லோரும் மல்லாந்து கண்மூடிக் கிடந்தார்கள். மனசு இரைச்சலை நிறுத்தினால் காது திறந்துகொள்ளும் போலிருக்கிறது. அவர் விரல் தன்பாட்டில் தரையைத் தட்டியது. டக். டக். சுவரை ஒட்டிய கல்லில் மட்டும் டொக்.

அடியில் காற்று. பசை சரியாகப் பிடிக்காத கல் அப்படித்தான் பேசும். மறுபடியும் தட்டினார். முன்வரிசையில் ஒரு பெண்மணி தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏங்க" என்றார் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு. "பொணம் மாதிரி படுக்கச் சொன்னாங்க. பொணம் தட்டாது."

"எவனோ ஒரு மடையன் ஒட்டியிருக்கான். நீயே கேளு."

வகுப்பு முடிந்ததும் நேராக டீச்சரிடம் போய் நின்றார். ஐந்து மாதத்தில் அவராகப் போய் ஒருவரிடம் பேசியது அன்றுதான்.

"அந்தக் கல்லை எடுத்துடணும்மா. ஒருநாள் யார் காலுக்கடியிலயாவது வெடிக்கும்."

"நீங்களே ஒட்டிக் குடுத்துடுவீங்களா சார்?"

"எடுக்கறதை எடுப்போம்" என்று மழுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்த கருவிப் பையோடு ஆளில்லாத கூடத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று டீச்சர் ஒரு பசை மூட்டையும் வாங்கி வைத்திருந்தார். இடுக்குப் பூச்சைச் சுரண்டி, கல்லில் கவ்விக்கொள்ளும் ரப்பர் கைப்பிடியை அழுத்தி இழுத்தார். கல் முனகிக்கொண்டே வந்தது. அடியில் மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று என்று பசையை உருண்டை உருண்டையாக அப்பியிருந்தார்கள். பல் வைத்த கரண்டியால் சீராக இழுத்துவிட நேரமில்லாத ஆளின் வேலை.

"பாத்தியா? இவனையெல்லாம் யாரு வேலைக்கு வெச்சாங்க?" என்று மனைவியிடம் காட்டிக்கொண்டே கல்லைத் திருப்பினார்.

சுவரோரத்துக்காக வெட்டும் கல்லின் முதுகில் எண் எழுதுவது எல்லோரும் செய்வதுதான். எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு இழுத்து, நடுவில் ஒரு புள்ளி வைப்பது ஒரே ஒருவரின் பழக்கம். பென்சில் எழுத்து அழியவே இல்லை. பதினேழு. இரண்டு கோடு. ஒரு புள்ளி.

ரசமட்டம் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அப்போது இது செருப்புக் கடை. நடுவில் ஒரு சுவர் இருந்தது, படிக்கட்டு பின்பக்கம் இருந்தது. மறுநாள் திறப்பு, சீக்கிரம் முடியுங்கள் என்று கழுத்தில் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு வருடம் இருக்கும். அவருடைய கை பெயரெடுத்துக் கொடிகட்டிப் பறந்த காலம்.

"யாருங்க அந்த மடையன்?" என்றார் மனைவி. அந்தப் புள்ளியை அவரும் நூறு முறை பார்த்தவர்.

முதலில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று மனைவி பதறிப்போய் நெருங்கினார். சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு கொஞ்சம் அழவும் செய்தார்.

"பன்னெண்டு வருஷமா இது மேல ஜனங்க நடந்திருக்காங்க" என்றார். "நானே அஞ்சு வாரமா படுத்திருக்கேன்."

"ஆமா."

"கை கெட்டுப்போகல போலிருக்கு. அது எப்பவுமே இப்படித்தான் இருந்திருக்கு."

மூக்கைத் துடைத்துக்கொண்டார். பழைய பசையைச் சுரண்டத் தொடங்கினார்.

"தண்ணி கொண்டா, பசை கலக்கணும். இவ்வளவு போதும். நிறைய ஊத்திக் கொண்டு வராதே."

ஐந்து மாதமாக அவரை இழுத்துக்கொண்டு திரிந்த மனைவி, அவர் ஏவியதும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல், நன்றாக ஒரு மூச்சு விட்டார்.