வாசலில் நிறுத்திய கால்

அந்தத் தெருவிலேயே தன்னைப் போல நிதானமான பெண் கிடையாது என்று நெவென்கா மூன்று வாரமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வேலை பார்க்கும் தபால் ஆபீஸில் அவள் ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றவர்கள்கூடத் தப்பவில்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஓட்டமில்லை, கத்தலில்லை, மூச்சுப் பயிற்சிதான். ஃபோனில் ஒரு பெண் குரல் மூச்சை இழுக்கச் சொல்லும். நெவென்கா அடுப்படியில் கண்ணை மூடி இழுப்பாள். விடும்போது மூச்சோடு சேர்த்து நாலு வசவும் வெளியே வரும். அவை பெரும்பாலும் அவள் கணவன் மிலோயேயின் தலையில் விழும்.

"அமைதித் தாயே, பன்றி வறுக்கிற இடத்துலேர்ந்து ஆள் வந்திருக்கான். நீ கண்ணத் திறந்தப்புறம் வரச் சொல்லவா?" என்பான் அவன்.

அவன் கேலி செய்தாலும் அவள் பயம் நிஜமான பயம். அவர்களுடைய ஒரே மகள் யாஸ்னா ஏழு மாதக் கர்ப்பத்தோடு உள்ளறையில் படுத்திருந்தாள். போன வசந்தத்தில் ஒரு குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. இந்த முறை எதுவும் பிசகக் கூடாது. கிறிஸ்துமஸ் காலையில் வீட்டுக்குள் முதலில் கால் வைப்பவர் எப்படியோ, அந்த வருஷமும் அப்படி என்பது சாச்சாக் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பல வருஷமாக அந்த முதல் கால் பக்கத்து வீட்டுத் திஹோமிருடையது. ஓக் குச்சியோடு வருவார், அடுப்பைக் கிளறிப் பொறி பறக்கவிட்டு வாழ்த்துச் சொல்வார், தின்பார், குடிப்பார், பாடுவார். போன கிறிஸ்துமஸிலும் அவர்தான் வந்தார். அதற்கப்புறம்தான் அந்தக் குழந்தை போனது. நெவென்கா வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. மனசுக்குள் மட்டும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள்.

இலையுதிர் காலத்தில் திஹோமிரே போய்ச் சேர்ந்தார். சவ அடக்கத்தில் நெவென்கா மனமாரத்தான் அழுதாள். அழுது முடித்த கையோடு, இந்த வருஷம் வேறு ஆளைக் கூப்பிடலாம் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு அன்றே கொஞ்சம் கூசியது. ஆனால் வேலை நிறைய இருந்ததால் அந்தக் கூச்சத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டாள்.

மிலோயேயின் சித்தப்பா மகன் தெயானைத் தேர்ந்தெடுத்தாள். டயர் கடை வைத்திருப்பவன், மூன்று ஆரோக்கியமான பிள்ளைகள், தொட்டதெல்லாம் துலங்கும் கை. திஹோமிரின் மனைவி ரூஷித்சாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், பண்டிகை வேலையைச் சாக்கு வைத்துத் தள்ளிப் போட்டாள்.

கிறிஸ்துமஸ் காலை. யார் துண்டில் கிடைக்கிறதோ அவருக்கு அதிர்ஷ்டம் என்று காசு ஒளித்து வைத்த ரொட்டி ஒரு பக்கம் கருக ஆரம்பித்திருந்தது. முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி பொதிந்து வேகவைத்த பானை பொங்கி வழிந்தது. தெயானின் கார் பனியில் சறுக்குகிறதாம், அரை மணி தாமதமாகும் என்று ஃபோன் வந்தது. அப்போதுதான் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தால் ரூஷித்சா. தலை முதல் கால் வரை கறுப்பு. ஒரு கால் படியில், ஒரு கால் நிலைப்படிக்கு மேல் தூக்கியபடி.

"உள்ள வராதீங்க!" நெவென்கா கத்தியே விட்டாள். மாவுக் கையை வாசலுக்குக் குறுக்கே நீட்டினாள். "கால வைக்காதீங்கக்கா!"

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

"வேற ஒருத்தர் வராரு. அவரு வந்து போனப்புறம் வாங்களேன். யாஸ்னா இருக்கிற நிலைமை உங்களுக்கே தெரியும்..."

ரூஷித்சா அவளையே பார்த்தாள். பிறகு காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். "தெரியும்டி. போய் ரொட்டியப் பாரு, கருகுற வாசம் வருது."

நெவென்கா கதவைச் சாத்தினாள். சாத்தியதோடு விட்டிருக்கலாம், சாவியையும் திருப்பினாள்.

தெயான் வந்தான். தலையில் கோதுமை தூவினார்கள். அடுப்பைக் கிளறி, "எத்தனை பொறியோ அத்தனை ஆயுசு, அத்தனை பேரப்பிள்ளை!" என்று முழங்கினான். நெவென்காவுக்கு உயிர் வந்தது. கோப்பையை வாங்கிக்கொண்டே அவன் சொன்னான்: "ஆமா, உங்க கேட் பக்கத்துல யாரு அது? கறுப்பு உடுத்தின அம்மா, கையில ஓக் குச்சி. உள்ள வாங்கம்மான்னேன். நீங்க முதல்ல போங்க தம்பி, அதான் நல்லதுன்னுட்டு போயிட்டாங்க."

மிலோயே கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தான். "ரூஷித்சாவா? வந்தாங்களா?"

"வந்தாங்க. அப்புறமா வரச் சொன்னேன்."

"அடிப்பாவி. ஆஸ்பத்திரியில திஹோமிர் எங்கிட்ட சொன்னானே, இந்தத் தடவ நான் வரல, ரூஷித்சா வந்து கிளறுவான்னு. உங்கிட்ட சொல்ல எத்தனை தரம் வாயெடுத்தேன்! ஒண்ணு ஓடிட்டிருப்ப, இல்ல கண்ண மூடிட்டு மூச்சு விட்டுட்டிருப்ப."

நெவென்காவுக்கு முகம் பற்றி எரிந்தது. நீட்டிய கை, திருப்பிய சாவி, எல்லாம் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்து நின்றன. கோட்டுகூடப் போடாமல் பனியில் இறங்கி நடந்தாள்.

ரூஷித்சா கதவைத் திறந்தாள். வீட்டுக்குள் சத்தமே இல்லை. மேசையில் ஒரே ஒரு தட்டு.

"காலையிலேர்ந்து யாராவது வந்தாங்களாக்கா?"

"துக்க வீட்டுக்கு யாரு வருவா?"

நெவென்கா ஓரடி பின்னால் வைத்தாள். "அப்போ நான் வரல. முதல் காலா என் கால் இருக்கக் கூடாது."

"அதெல்லாம் உன் வீட்டுல பாரு. இங்க குளிர் உள்ள வருது, வா."

நெவென்கா உள்ளே போனாள். ரூஷித்சா முறைப்படியே எல்லாம் செய்தாள். தலையில் கோதுமை தூவினாள். அடுப்பருகே முக்காலி போட்டு உட்கார வைத்தாள். வருஷம் முழுக்கப் பாலில் ஆடை கம்பளி மாதிரிக் கெட்டியாகக் கட்டட்டும் என்று முதல் விருந்தாளிக்குப் போர்த்துகிற தடித்த கம்பளியைக் கொண்டுவந்து, கழுத்து வரை இறுக்கிச் சுற்றினாள். அந்த வீட்டில் மாடு என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

நெவென்காவின் பாவாடைப் பையில் ஃபோன் அடித்தது, சாப்பிட மிலோயே கூப்பிடுகிறான் போல. கையைக் கம்பளிக்கு வெளியே எடுக்க முடியவில்லை. அடித்து ஓய்ந்தது.

"அக்கா, காலையில நான் செஞ்சது... பயம்க்கா. புள்ள மேல இருக்கிற பயம்."

"தெரியும்."

"இல்லக்கா, மனசுல நான் என்ன நினைச்சுட்டிருந்தேன்னு உங்களுக்குத் தெரியாது."

ரூஷித்சா ரொட்டியைப் பிட்டுத் தட்டில் வைத்தாள். "போன வசந்தத்துலேர்ந்து நீ அவரு மூஞ்சியப் பார்த்துப் பேசலையே. அவருக்குப் புரியாதா? அதனாலதான் சொன்னாரு: 'ஒருவேளை நான் பொழச்சு வந்தாலும் கிறிஸ்துமஸுக்கு நீ போ ரூஷா. என் காலு அந்தப் பொண்ணுக்கு வேண்டாம்'னு."

நெவென்கா எழப் போனாள். ரூஷித்சா அவள் தோளில் கை வைத்து அழுத்தினாள்.

"முதல் விருந்தாளி பாதியில எந்திரிக்கக் கூடாது. சாப்பிடு."

நெவென்கா குனிந்த தலை நிமிராமல் வாயைத் திறந்தாள். ரூஷித்சா ஊட்டிவிட்டாள்.