சேர்க்கக் கூடாத இரண்டு துண்டுகள்

மதுமதியின் படத்துக்கு மாலை போட்ட கையோடு சேஷன் மைக்கைப் பிடித்தார். டெல்லி ஆர்.கே.புரத்து மண்டபம் நிறையத் தமிழர்கள். முன்வரிசையில் ஜெகன். டெங்குவில் மனைவி போய் ஒரு மாதமாகியும் அவனுக்கு அழுகை வரவில்லை.

"நம்மாத்துப் பொண்ணு மாதிரி அவ. பிசிக்ஸ் படிச்சுட்டு எங்க உலோகவியல் துறைக்கு வந்தா. நான்தான் தூக்கிவிட்டேன்."

தூக்கிவிட்டாராம். பிசிக்ஸ்காரிக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும் என்று அவள் பதவி உயர்வை இரண்டு முறை தடுத்த துறைத் தலைவர் இவர்தான். அப்படியும் அவள் பேராசிரியரானாள். பாலமோ கொதிகலனோ உடைந்தால் நீதிமன்றம் அவளைத்தான் கூப்பிட்டது.

கடைசியாக அவளிடம் வந்தது ஓர் உடைந்த போல்ட். அடுக்குமாடி ஒன்றில் லிஃப்ட் விழுந்து இருவர் செத்திருந்தார்கள். ஆட்களை அதிகம் ஏற்றினான் என்று லிஃப்ட்மேன் ராஜவேல் சிறையில் இருந்தான். உடைந்த பரப்பில், அலை ஒதுங்கிய மணல்போல வரி வரியாகத் தெரிவதாக மதுமதி சொன்னாள். வருடக்கணக்கில் வளர்ந்த விரிசல் அது. பழி லிஃப்ட் கம்பெனியுடையது. நிரூபிக்க எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டும். சேஷன் அதை அவளுக்கு ஒதுக்கவே இல்லை. அவருடைய ஆய்வகத்துக்குப் படியளப்பது அந்தக் கம்பெனி.

"இதோ, அவளோட கடைசி வேலை." அவள் மேஜையிலிருந்து கொண்டுவந்திருந்த போல்ட்டின் இரண்டு துண்டுகளைச் சேஷன் பையிலிருந்து எடுத்தார். "பிசிக்ஸையும் மெட்டலர்ஜியையும் இப்படித்தான் சேர்த்து வச்சா!"

உடைந்த பரப்புகளைப் பொருத்தி அழுத்தித் திருகினார். கறகறவென்று மைக்கில் கேட்டது. கூட்டம் கைதட்டியது.

ஜெகன் மேடையேறினான். "என்ன சார் செய்யுதீய? உரசினா அந்த வரியெல்லாம் அழிஞ்சிரும்லா? முதல் வகுப்புலயே அதைத்தான சொல்லிக் கொடுப்பீய?"

"உட்காருப்பா. மனசு சரியில்ல உனக்கு."

"மனசு நல்லாத்தான் இருக்கு. வேணும்னே அழிச்சிட்டீரு. ராஜவேலுக்கு இருந்த ஒரே சாட்சி அது."

மைக்கை யாரோ அணைத்தார்கள். ஜெகன் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். "அத்தனை பேரும் பாத்தீயள்லா? கோர்ட்டுல யார் சொல்லுவீய?"

தலைகள் குனிந்தன. பின்வரிசையில் மதுமதியின் ஆய்வு மாணவி ப்ரீதா எழுந்தாள். டெல்லியிலேயே பிறந்தவள், தமிழ் தடுக்கியது.

"நான்... நான் பார்த்தேன். சார் ரெண்டையும் ரப் பண்ணார். கோர்ட்ல போல் தூங்கி... சொல்லிடுவேன்."

"உட்காரும்மா," என்றார் சேஷன், மெதுவாக. "உன் தீசிஸ்ல இனிமே நான்தான் கையெழுத்துப் போடணும்."

ப்ரீதா உட்காரவில்லை.