பெட்டி நிறைய 'பயப்படாதே'

அச்சகத்தில் அவரைக் கட்டிங்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். தாள் வெட்டும் இயந்திரத்தில் இருபத்திரண்டு வருடம். பத்து விரலும் பத்திரமாக இருப்பதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. சபைகளுக்குப் போகும் வேதவசன அட்டைகள் அங்கே அச்சாகும். பெட்டிக்கு அறுபது வசனம். வெட்டி முடித்ததும் ஒவ்வொரு வசனமும் தனித்தனிக் கட்டாக மேசையில் நிற்கும். கட்டுக்கு ஒன்றாக எடுத்து அடுக்க வேண்டும். ஒரே வசனம் இரண்டு தடவை வந்தால் முதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்.

இத்தனையும் தெரிந்த மனிதர்தான் தன் வீட்டுப் பெட்டியில் கை வைத்தார்.

அவர் மனைவி தையல் வேலை பார்த்த கம்பெனியில் அந்த வருடம் ஆட்குறைப்பு. வாரா வாரம் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டுவார்கள். அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தினமும் காலையில் கிளம்புமுன் கண்ணை மூடி வசனப் பெட்டியிலிருந்து ஓர் அட்டை எடுப்பாள். அது சொல்வதுதான் அன்றைய நாள். ஒருநாள் விழித்திருக்கச் சொல்லும் எச்சரிக்கை வசனம் வந்துவிட்டது. அன்று வேலையில் அதே நினைப்பாக, ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றாள். அவருக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் அச்சகத்திலிருந்து 'பயப்படாதே' என்று சொல்லும் வசனங்களாகப் பொறுக்கி அள்ளிவந்தார். கண்டிப்பான அட்டைகளை உருவிவிட்டுப் பெட்டியை நிரப்பினார். அவள் முகம் தெளிந்தது. பட்டியலிலும் பெயர் வரவில்லை. தன்னைப் பெரிய கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மூன்று மாதம் கழித்து, மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுவதாக அவள் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். காலையில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றவள், விடிந்ததும் பெட்டியைத் திறந்தாள். பயப்படாதே. மறுநாளும் பயப்படாதே. வேறு எதை அவர் உள்ளே விட்டுவைத்திருந்தார், வருவதற்கு?

"கர்த்தரே சொல்லிட்டாருங்க. ஒண்ணும் இருக்காது," என்றாள்.

அங்கே வாயைத் திறந்திருக்க வேண்டும். 'அது கர்த்தர் இல்லை, நான்தான்.' நாலே வார்த்தை. சொன்னால் வேதத்தோடு விளையாடியவன் என்றாகிவிடும், அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்று நாளைக்குத் தள்ளினார். அந்த 'நாளை' வர ஏழு மாதம் ஆனது. வேதத்தில் அந்தச் சொல் பயந்தவனை எழுந்து நடக்கச் சொல்கிற சொல். இவர் வீட்டில் அது ஒருத்தியை உட்கார வைத்துவிட்டது. இதற்குக் கோழைத்தனம் என்பதைத் தவிர வேறு பெயர் தேட வேண்டாம்.

முதுகுவலியில் அவளால் தையல் மெஷின் முன்னால் உட்காரவே முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். டாக்டரம்மா ஸ்கேன் படத்தைப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார், புற்றுநோய் எலும்புவரை போய்விட்டது என்றார். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் கதையே வேறு, இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

வெளியே அடுத்த பரிசோதனைக்குக் காத்திருந்த நாற்காலியில் அவர் உடைந்துபோனார். கட்டு கட்டாகப் பொறுக்கியது, உருவியது, வாய்வரை வந்து விழுங்கியது, எல்லாவற்றையும் கொட்டினார்.

"தெரியும்," என்றாள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கட்டி வந்த மாசமே பெட்டியைக் கொட்டிப் பார்த்தேன். எல்லா அட்டையும் ஒரே பேச்சு பேசுது. வேற யாரு பண்ணியிருப்பா?"

"அப்புறமும் ஏன்மா ஆஸ்பத்திரிக்கு வரல?"

"பயம்தான். அட்டையை நம்புறதை அன்னைக்கே விட்டுட்டேன். தினமும் அட்டையை எடுத்துட்டு உங்க முகத்தைத்தான் பார்த்தேன். நிஜமாவே ஆபத்துன்னா இந்த மனுஷன் எப்படியும் உண்மையைச் சொல்லிடுவாரு, சும்மா இருக்க மாட்டாருன்னு நினைச்சேன். நீங்க சொல்லவே இல்ல. அப்போ பயப்பட ஒண்ணும் இல்லன்னு இருந்துட்டேன்."

உள்ளேயிருந்து நர்ஸ் அவளைக் கூப்பிட்டாள். அவரும் கூடவே எழுந்தார்.

"நீங்க இருங்க," என்று சொல்லிவிட்டு அவள் தனியாக உள்ளே போனாள்.