பத்துக்கு மேல் கூடாது

முதலீட்டு நிதி இயக்குநர்கள் சங்கத்தில் நான் ஒரு சுண்டைக்காய் உறுப்பினர். மக்களின் சேமிப்பைத் திரட்டி முதலீடு செய்கிறவர்களைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பதுதான் இயக்குநர் வேலை. நான் இருப்பது ஒரே நிதியில். எங்கள் சங்கத்துப் பெரும்புள்ளி ஒருவர் முப்பது நிதிகளில் இருந்தார்; அவர் பெயரே முப்பதார் ஆகிவிட்டது. எங்கள் நிதியிலும் அவர் இயக்குநர். போன கூட்டத்தில், வேறு ஏதோ நிதியின் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்களுக்கு வராத நஷ்டத்துக்கு எங்களைப் பிடி பிடியென்று பிடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதனால்தான் சங்கத்தில் நான் இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தேன்: பத்து நிதிகளுக்கு மேல் ஒருவர் இயக்குநராக இருக்கக் கூடாது. தோற்றால் மூன்று வருடத்துக்கு மறுபடி கொண்டுவர முடியாது. ஆண்டுக் கூட்டத்தன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சங்கத் தலைவி தீர்மானத்தை வாசித்தார். "இதுல சொந்த ஆதாயமோ நஷ்டமோ உள்ளவங்க சொல்லிட்டு வெளிய போயிடுங்க," என்றார். இயக்குநர் கூட்டம் எதிலும் இது வழக்கம்தான்.

முப்பதார் எழுந்தார். "எனக்கு இருபது போயிடும். நான் வெளிய நிக்கிறேன்."

பின்னாலேயே பதினைந்துக்காரர், பன்னிரண்டுக்காரர். பத்துக்குக் குறைந்தவர்களும், "எனக்கும் நாளைக்குக் கூடலாம்" என்று கிளம்பினார்கள். கடைசியில் தலைவியே, "எனக்கும் பதினொண்ணு" என்று மைக்கை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அரங்கில் காலி நாற்காலிகள், ஓட்டு எண்ணும் சங்கச் செயலாளர், நான்.

"மேடம், நீங்க ஒருத்தர் கை தூக்கினாப் போதும், நிறைவேறிடும்," என்றார் செயலாளர். "கூட்டம் ஆரம்பிக்கும்போது ஆள் இருந்தாங்கல்ல, விதிப்படி செல்லும்."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கை காதுவரை போயிருக்கும். அப்போதுதான் உறைத்தது. முப்பதார் விடும் இருபது இடங்களும் யாருக்குப் போகும்? என்னைப் போல ஒற்றை இடத்தோடு காத்திருப்பவர்களுக்கு. இந்தப் பாழாய்ப்போன மனசாட்சி இப்போதா விழிக்க வேண்டும்? அழுகையாக வந்தது.

"எனக்கும் ஆதாயம் இருக்கு. எழுதிக்கோங்க," என்று கையை இறக்கிவிட்டு வெளியேறினேன்.

காபி இயந்திரத்தைச் சுற்றி மொத்தச் சங்கமும் நின்றது.

"நீங்க ஏம்மா வந்தீங்க?" என்றார் முப்பதார்.

சொன்னேன். ஒரு நொடி விழித்தவர், வயிறு குலுங்கச் சிரித்தார்.

செயலாளர் ஓடிவந்தார். "எல்லாருக்குமே ஆதாயமோ நஷ்டமோ இருந்தா, அதைப் பதிவு பண்ணிட்டு எல்லாருமே ஓட்டுப் போடலாம்னு விதி இருக்கு. உள்ள வாங்க."

எல்லாரும் உள்ளே திரும்பினோம். கையில் இருந்த வெற்றியைத் தூக்கி இவர்களிடமே கொடுத்துவிட்டேன்.

"ஆதரிக்கிறவங்க?" என்றார் தலைவி. கையைத் தூக்கிக்கொண்டு கண்களை இறுக மூடினேன். செயலாளர் எண்ணினார், எண்ணினார், எண்ணிக்கொண்டே போனார். கண்ணைத் திறந்தால், எல்லாருடைய கைகளுக்கும் மேலே முப்பதாரின் கை.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தடுக்க ஆளே இல்லாதப்ப நீங்க கையை இறக்கிட்டு வந்துட்டீங்க. அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டும்மா தூக்காம இருக்கிறது?"